செவுள் வலைத் தெரிவு வளையி கோணலாக வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

தெரிவு வளையி (எந்த நீள மீன் வலையில் எவ்வளவு சிக்கும் என்று காட்டும் வளைகோடு) சரியாக வரவில்லை என்று யாராவது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் கேட்பது, "வலை எங்கே?" என்பதுதான். அநேகமாக வலை யாழ்ப்பாணக் கரையில், குருநகரிலோ பாசையூரிலோ யாரோ ஒரு சம்மாட்டியாரின் (படகுச் சொந்தக்காரரின்) மீன்வாடியில் கிடக்கும். வந்தவரின் கையில் எக்செல் அட்டவணை மட்டும் இருக்கும். கணித மாதிரியை மாற்று, நீள வகுப்பை மாற்று, தொடக்க மதிப்பை மாற்று என்று இரண்டு மணித்தியாலம் மினக்கெட்ட பிறகு, வாடிக்குப் போய் அடிக்கோலை வலைக்கண்ணில் வைத்ததும் பிழை பிடிபடும். இப்படி எத்தனை முறை நடந்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆகவே கீழே உள்ள குறிப்பு திரையில் தெரியும் அறிகுறியில் தொடங்கினாலும், பாதி இடங்களில் உங்களைக் கரைக்குத் திருப்பி அனுப்பும்.

தெரிவுத்திறன் என்றால் என்ன என்பதை ஒரு பந்தியில் முடித்துவிடுகிறேன். குறிப்பிட்ட கண் அளவுள்ள செவுள் வலையில் சிறிய மீன் புகுந்து மறுபக்கம் போய்விடும். பெரிய மீன் மூக்கை முட்டிவிட்டுத் திரும்பிவிடும். நடுத்தர மீனின் தலை புகும், உடல் புகாது. பின்வாங்கினால் செவுள் மூடி நூலில் மாட்டும். அதனால் சிக்கும் வாய்ப்பை நீளத்துக்கு எதிராக வரைந்தால் மணி போன்ற வளையி வரும். மீன் வளர்ந்தாலும் அதன் உருவ விகிதம் அதிகம் மாறாது. ஆகவே கண் எத்தனை மடங்கு பெருக்கிறதோ, அதில் நன்றாகச் சிக்கும் நீளமும் அத்தனை மடங்கு பெருக்கும் என்று ரஷ்ய மீன்பிடி ஆய்வாளர் பரனொவ் 1914 இல் சொன்னார். நன்றாகச் சிக்கும் நீளம் கண் அளவைப் போல எத்தனை மடங்கோ, அதுதான் தெரிவுக் காரணி. இரண்டு வெவ்வேறு கண் வலைகளின் பிடிபாட்டை ஒப்பிட்டு அதைக் கணிக்கும் எளிய வழியை ஹோல்ட் 1963 இல் கொடுத்தார். பல வலைகளை ஒன்றாக வைத்துப் பொருத்தும் முறையை மில்லர் 1992 இல் வகுத்தார். 1997 இல் அவரும் ஹொல்ஸ்ற்றும் அதைச் செவுள் வலைக்கும் தூண்டிலுக்கும் விரித்து எழுதினார்கள். இன்று மென்பொருள்கள் செய்வது பெரும்பாலும் இதையே.

முதலில் நோயில்லாத கணக்கு ஒன்று

நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சுகமான உடம்பைப் பார்த்திருக்க வேண்டும். கைக்கணக்குக்கு வசதியாக நானே அமைத்த எண்கள் இவை. மீன் கும்பிளா. வலைகள் இரண்டு, கண் 5 சென்ரிமீற்றர், 6 சென்ரிமீற்றர். ஒரே நீளம், ஒரே நூல், ஒரே இரவு. 20, 21, 22, 23, 24 சென்ரிமீற்றர் மீன்கள் சிறிய கண்ணில் முறையே 52, 60, 46, 25, 8. பெரிய கண்ணில் 7, 22, 46, 68, 59.

ஒவ்வொரு நீளத்திலும் பெரிய கண்ணின் எண்ணைச் சிறிய கண்ணின் எண்ணால் வகுத்து இயற்கை மடக்கை எடுங்கள். ஏறத்தாழ −2, −1, 0, 1, 2 என்று வரும். நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. படித்திறன் (கோட்டின் சாய்வு) 1, வெட்டுத்துண்டு (நீளம் சுழியமாகும் இடத்தில் கோட்டின் மதிப்பு) −22. வெட்டுத்துண்டை இரண்டால் பெருக்கி, அதன் குறியை மாற்றி, படித்திறனையும் இரு கண்களின் கூட்டுத்தொகையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் தெரிவுக் காரணி: 44 ஐ 11 ஆல் வகுக்க 4. அப்படியானால் 5 சென்ரிமீற்றர்க் கண்ணில் 20 சென்ரிமீற்றர் மீனும் 6 சென்ரிமீற்றர்க் கண்ணில் 24 சென்ரிமீற்றர் மீனும் உச்சம். காரணியைக் கண்களின் வித்தியாசத்தால் பெருக்கிப் படித்திறனால் வகுத்தால் நியம விலகலின் வர்க்கம்: 4. நியம விலகல், அதாவது வளையியின் அகலத்தைச் சொல்லும் எண், 2 சென்ரிமீற்றர்.

இந்தக் கணக்கில் ஒரு விடயத்தைக் கவனித்துவையுங்கள். நேர்கோட்டை வரையும் வரையில் கண் அளவு எங்குமே தேவைப்படவில்லை. அது கடைசிப் படியில்தான் உள்ளே வருகிறது. ஆகவே கண்ணைப் பிழையாக அளந்திருந்தாலும் கோடு அம்பு போல நேராகத்தான் நிற்கும். அழகான கோட்டைப் பார்த்து ஏமாந்துபோவது இங்கேதான்.

காரணி எட்டுக்குக் கிட்ட வருகிறது, அல்லது புத்தகத்தில் உள்ளதைப் போல இரு மடங்காக இருக்கிறது

கண்ணை முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு அளந்திருக்கிறீர்கள். அது கண்ணின் ஒரு பக்கம் மட்டுமே. இழுத்துப் பிடித்த முழுக் கண் அதன் இரு மடங்கு. மேலே உள்ள கணக்கில் 5 ஐயும் 6 ஐயும் 2.5, 3 என்று எழுதினால் காரணி 8 ஆகிவிடும். கோடு, படித்திறன் எதுவும் மாறாது.

இந்தக் குழப்பத்துக்கு மாணவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐரோப்பிய நன்னீர் ஆய்வுகளில் பயன்படும் நோர்டிக் பல்கண் வலையின் 12 கண்களும் 5 மில்லிமீற்றரிலிருந்து 55 மில்லிமீற்றர் வரை என்று சொல்லப்படுவது முடிச்சுக்கு முடிச்சு அளவில். நம் கரையில் "இரண்டரைக் கண்" என்றால் இழுத்த கண் இரண்டரை அங்குலம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான பிழை, சிறிய அளவுப் பிழை. ஒருமுறை பாசையூரில் ஒரு வயதான தொழிலாளியிடம் கண் அளவைக் கேட்டேன். "இரண்டரை, தம்பி" என்றார். அளந்து பார்த்தால் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அவர் சிரித்துக்கொண்டே, "இரண்டரை என்று சொல்லித்தான் வாங்கினேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அது வலையின் பெயர், அளவு அல்ல. நூல் தடித்தால் உள்வெளி குறையும். பழைய வலையில் முடிச்சு இறுகியிருக்கும். உப்பும் வெயிலும் தின்ற வலை புதிய வலையைப் போல இருக்காது.

நம் கணக்கில் 6 என்று எழுதிய கண் உண்மையில் 5.8 என்று வையுங்கள். காரணி 4.07 ஆகும், பெரிதாகத் தெரியாது. ஆனால் உச்ச நீளங்கள் 20.4, 23.6 என்று நெருங்கும். நியம விலகல் 2 இலிருந்து 1.8 க்கு இறங்கும். இரண்டு மில்லிமீற்றர்ப் பிழை வளையியின் அகலத்தில் பத்தில் ஒன்றைத் தின்றுவிட்டது. 

அளக்கும் முறை: வலை நனைந்திருக்கும்போதே, முடிச்சின் திசையில் இழுத்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே உள்வெளியை அளவுங்கள். ஒரு கண் போதாது. வலையின் இரு முனைகளிலும் நடுவிலுமாகக் குறைந்தது இருபது கண்கள். மேல் கயிற்றுக்கும் ஈயக் கயிற்றுக்கும் ஒட்டிய வரிசைகளை விட்டுவிடுங்கள், அங்கே கண் உருக்குலைந்திருக்கும். சராசரியை மட்டும் எழுதாமல் இருபது எண்களையும் எழுதிவையுங்கள்.

கோடு தலைகீழாகச் சாய்கிறது

படித்திறன் மறையாக வந்தால் பெரிய கண்ணையும் சிறிய கண்ணையும் இடம் மாற்றி வகுத்திருக்கிறீர்கள். அதைச் சரிபார்த்தும் மறையாகவே இருந்தால் கூடைகள் மாறிவிட்டன. விடியற்காலை இருட்டில் இரண்டு வலையின் மீனும் ஒரே வள்ளத்தில் வந்து இறங்கும்போது இது நடக்காவிட்டால்தான் அதிசயம். ஒவ்வொரு வலைக்கும் வேறு நிறக் கூடை கொடுத்துவிடுங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட்டால் நனைந்து கூழாகிவிடும்.

கோட்டின் முனைகள் மடங்குகின்றன

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய அறிகுறி இது. நடுவில் கோடு நேராக ஏறுகிறது; வலது முனையில் மேலே போக வேண்டிய புள்ளிகள் சுழியத்தை நோக்கிச் சரிகின்றன. சில வேளைகளில் இடது முனையிலும் அதே கதை, கீழே போக வேண்டியவை மேலே எழும்பும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லா மீனும் செவுளில் மாட்டவில்லை. மணி வளையி என்பது தலை புகுந்து உடல் புகாத மீனுக்கு உரியது. ஆனால் மீன் வலையில் வேறு விதங்களிலும் சிக்கும். உடலின் மிகப் பருத்த இடத்தில் ஆப்புப் போல இறுகும். பல்லும் தாடையும் நூலில் கொளுவும். சீலாவில் இது சாதாரணம். முள்ளும் செட்டையும் சுற்றிச் சிக்குப்படும். ஓராவின் முதுகு முள்ளும் கெளிற்றின் பக்க முள்ளும் கண் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. சிக்குப்பட்ட மீனுக்கு 5 சென்ரிமீற்றரும் 6 சென்ரிமீற்றரும் ஒன்றுதான். இரண்டு வலையிலும் ஏறக்குறைய சமமாக விழும். சம எண்களின் விகிதம் ஒன்று. ஒன்றின் மடக்கை சுழியம். புள்ளி சுழியத்தை நோக்கிச் சரிவது அதனால்தான்.

நம் கணக்கில் 5 சென்ரிமீற்றர்க் கண்ணின் வளையிப்படி, 27 சென்ரிமீற்றர்க் கும்பிளா ஒன்று சிக்கும் வாய்ப்பு உச்சத்தின் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி மூன்று மீன்கள் அந்த வலையில் இருந்தால், அவை செவுளால் வரவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கண்ணைத் திறந்து பார்த்தால் இன்னும் நல்லது. மீனை வலையிலிருந்து கழற்றியதும் உடலைத் திருப்பிப் பாருங்கள். நூல் இறுகிய இடத்தில் செதில் உரிந்து ஒரு கோடு விழுந்திருக்கும். செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் கழுத்தைச் சுற்றி வளையம் போல இருந்தால் செவுளில் மாட்டியது. முதுகுச் செட்டை தொடங்கும் இடத்தில் இருந்தால் உடல் இறுகியது. கோடே இல்லாமல் தாடையில் மட்டும் காயம் இருந்தால் கொளுவியது. கோடுகள் கண்டபடி குறுக்கும் மறுக்குமாக இருந்தால் சிக்குப்பட்டது. நீளத்தோடு, மாட்டிய விதத்துக்கு ஒரே ஒரு எழுத்தையும் குறித்துக்கொண்டால் போதும்; பிறகு செவுளில் மாட்டியவற்றை மட்டும் தனியாகப் பொருத்திப் பார்க்கலாம். மீன் வெயிலில் காய்ந்துவிட்டால் கோடு தெரியாது. ஐஸ் பெட்டிக்குள் போய்வந்த மீனில் தேடுவதும் வீண்.

இன்னொரு சோதனைக்கு ஒரு நூலும் அடிக்கோலும் போதும். மீனின் செவுள் மூடிக்குப் பின்னால் நூலைச் சுற்றி, இறுக்காமல், நுனியும் நூலும் சந்திக்கும் இடத்தை நகத்தால் பிடித்து, நிமிர்த்தி அடிக்கோலில் வையுங்கள். பிறகு உடலின் பருத்த இடத்திலும் அப்படியே. இழுத்த கண்ணை இரண்டால் பெருக்கினால் கண்ணின் சுற்றளவு. 5 சென்ரிமீற்றர்க் கண்ணுக்கு அது 10 சென்ரிமீற்றர். உங்கள் 20 சென்ரிமீற்றர் மீனுக்குச் செவுளில் 9.4 சென்ரிமீற்றர், பருத்த இடத்தில் 11 சென்ரிமீற்றர் என்று வந்தால் 10 என்பது இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. தலை புகும், உடல் புகாது. 20 என்ற உச்சத்தை நம்பலாம். மென்பொருள் 20 என்று சொல்ல, நூல் 16 சென்ரிமீற்றர் மீன்தான் பொருந்தும் என்று சொன்னால், நான் நூலைத்தான் நம்புவேன். ஒரு முப்பது மீனில் இதைச் செய்ய அரை மணித்தியாலம் போகும். மீன் கூறுகிறவரின் (ஏலம் விடுகிறவரின்) பொறுமையும் அதோடு போகும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

முனை மடங்குவதற்கு வலையைக் கட்டிய விதமும் காரணமாகலாம். 100 மீற்றர் இழுத்த வலையை 50 மீற்றர்க் கயிற்றில் கட்டினால் விகிதம் 0.5. இதைவிடக் குறைத்து, கூடுதல் தொய்வோடு கட்டினால் வலை மடிப்பு மடிப்பாகத் தொங்கும். செவுளில் மாட்டுவது குறைந்து சிக்குப்படுவது கூடும். இரண்டு வலையையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு தொய்வில் கட்டியிருந்தால் நீங்கள் ஒப்பிடுவது கண்ணை மட்டுமல்ல. நூலும் அப்படியே: முறுக்கு நைலோன் வலை ஒன்றையும் தங்கூசி (ஒற்றை இழை) வலை ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண் அளவின் விளைவு என்று எழுத முடியாது. தங்கூசி இலங்கையில் தடை செய்யப்பட்ட வலை என்பது வேறு கதை. வாடியில் கிடக்கிறது என்பதற்காக ஆய்வுக்கு எடுத்துவிடாதீர்கள்.

பிடிபாட்டில் இரண்டு மேடுகள் தெரிகின்றன

அவசரப்பட்டு இரட்டை மேட்டு மாதிரிக்குத் தாவ வேண்டாம். மேடு யாருடையது என்று முதலில் பாருங்கள்: வலையினுடையதா, கடலினுடையதா? எல்லா வலைகளின் நீளப் பரம்பலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அச்சில் வரையுங்கள். கண் பெருக்கப் பெருக்க இரண்டாவது மேடும் வலப்பக்கம் நகர்ந்தால் அது வலையின் வேலை. செவுளில் மாட்டியது ஒரு மேடு, கொளுவியது இன்னொரு மேடு. எந்தக் கண்ணாக இருந்தாலும் மேடு ஒரே நீளத்தில் அசையாமல் நின்றால், அந்த நீளத்து மீன் அந்தக் கிழமை கடலில் அதிகமாக இருந்திருக்கிறது. போன பருவத்துக் குஞ்சுகள் ஒன்றாக வளர்ந்து வந்திருக்கலாம். அதற்கு வளையியில் இடம் கொடுக்கக் கூடாது.

வலையின் மேடுதான் என்று உறுதியானால் இரட்டை மேட்டு மாதிரியைப் போடலாம். ஆனால் அது மற்றவற்றைப் போல மடக்கை எடுத்ததும் நேர்கோட்டு வடிவில் அடங்காது. தொடக்க மதிப்பு கேட்கும். வரைபிலிருந்து கண்ணால் பார்த்துக் கொடுங்கள்.

நீளப் பரம்பல் சீப்புப் போலப் பல்லுப் பல்லாக இருக்கிறது, அல்லது நடுவில் ஒரு பள்ளம்

சீப்பென்றால் அளந்தவர் 20, 25 என்று முழு எண்களுக்கு நழுவியிருக்கிறார். அல்லது ஒருவர் வால் நுனி வரை அளந்தார், மற்றவர் வாலின் கவடு வரை அளந்தார். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: அளவுப் பலகை, ஒரே ஆள், மில்லிமீற்றரில்.

பள்ளம் சுவாரசியமானது. ஒருமுறை ஒரு மாணவியின் தரவில் நடுத்தர நீளம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எந்த மாதிரியும் பொருந்தவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு நேரத்துக்குத்தான் போயிருக்கிறார். ஆனால் வள்ளம் ஆறு மணிக்கே வந்துவிட்டது. வள்ளக்காரர்கள் தங்கள் வீட்டுக் கறிக்கு வேண்டியதை அதற்குள் எடுத்துவிட்டார்கள். கறிக்கு எடுப்பது குப்பை மீனையா? சட்டிக்கு அளவான நல்ல மீனைத்தான். மிகப் பெரியது கூறலுக்கு, மிகச் சிறியது கருவாட்டுக்கு, நடுவில் உள்ளது வீட்டுக்கு. தெரிவுத்திறன் வலைக்கு மட்டும் உரியதல்ல என்று அன்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் ஐந்தரைக்கே போய் நின்றார், கறிமீனையும் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பள்ளம் மறைந்துவிட்டது.

சின்னக்கடைச் சந்தையில் வாங்கிய மீனை வைத்துத் தெரிவு வளையி போட முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

எல்லா நீளத்திலும் கோடு ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது

கோடு நேர், சாய்வும் நியாயமானது, ஆனால் உச்ச நீளங்கள் நூலால் சுற்றளவு எடுத்துப் பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. வலைகளின் நீளத்தைப் பாருங்கள். பெரிய கண் வலை சிறியதைப் போல இரு மடங்கு நீளமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் 0.69 மேலே தூக்கப்படும், இரண்டின் மடக்கை அதுதான். நம் கணக்கில் வெட்டுத்துண்டு −21.31 ஆகும், காரணி 3.87, உச்சங்கள் 19.4, 23.2. ஆகவே மீன் எண்ணிக்கையை வலையின் நீளத்தாலும் கிடந்த நேரத்தாலும் வகுத்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

இங்கே யாழ்ப்பாணக் கடலுக்கே உரிய தலையிடி ஒன்று உண்டு. மாலையில் பத்துத் துண்டு வலை போட்டுவிட்டு விடியப் பார்த்தால் ஏழு துண்டுதான் இருக்கும். மற்றது இழுவைப் படகில் போயிருக்கும். இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்துவிட்டது. ஆனால் எல்லை தாண்டி வருவதை அந்தச் சட்டம் நிறுத்தவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டில் "10 துண்டு" என்றே எழுதப்பட்டிருக்கும். போட்ட துண்டையும் தூக்கிய துண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். நண்டு கடித்த ஓட்டைகளையும் எண்ணிவிடுங்கள். கை புகும் ஓட்டை உள்ள துண்டு முழுத் துண்டு அல்ல.

இணைக்கு இணை நியம விலகல் மாறுகிறது

5 க்கும் 6 க்கும் கணித்தால் 2, 6 க்கும் 7 க்கும் கணித்தால் 2.4. ஹோல்ட்டின் முறை எல்லா வலைக்கும் ஒரே அகலம் என்று எடுத்துக்கொள்கிறது. பரனொவின் ஒப்புமையை முழுதாக ஏற்றால் அகலமும் கண்ணோடு சேர்ந்து பெருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நிற்காது. மூன்று வலைக்கு மேல் இருந்தால் ஹோல்ட்டை விட்டுவிட்டு, அகலம் கண்ணுக்கு விகிதமாக வளரும் மாதிரி, மடக்கை இயல்பு மாதிரி, காமா மாதிரி ஆகியவற்றைப் போட்டு மீதிகளை (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசங்களை) ஒப்பிடுங்கள். வலப்பக்க வால் நீண்டிருந்தால் என் அனுபவத்தில் மடக்கை இயல்புதான் அடக்கும். ஆனால் வால் நீண்டதற்குக் காரணம் சிக்குப்பட்ட மீனாக இருந்தால் மேலே சொன்னதையே செய்ய வேண்டும். மாதிரியை மாற்றி அதை மறைக்கலாம், தீர்க்க முடியாது.

மென்பொருள் விடை தர மறுக்கிறது, அல்லது 300 சென்ரிமீற்றர்க் கும்பிளாவைத் தருகிறது

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இது அடிக்கடி வரும். கண்கள் மிக நெருக்கமாக இருக்கின்றனவா? 2.5 அங்குலத்தையும் 2.6 ஐயும் வைத்துக்கொண்டு வித்தியாசத்தைக் கண்டுபிடி என்றால் அது எங்கே போகும்? மாறாக, கண்கள் மிகத் தொலைவில் இருந்தால் இரண்டு வலையிலும் பொதுவாக விழுந்த நீளமே இருக்காது. விகிதம் எடுக்க எண் வேண்டுமே. நோர்டிக் வலையில் ஒவ்வொரு கண்ணும் முந்தியதைப் போல ஏறத்தாழ 1.25 மடங்கு. நல்ல தொடக்கம் அது.

அடுத்து நீள வகுப்பு. அரைச் சென்ரிமீற்றராகப் பிரித்து முக்கால்வாசிப் பெட்டியில் சுழியம் இருந்தால் ஒரு சென்ரிமீற்றராக்குங்கள். ஹோல்ட்டின் முறையில் சுழியத்துக்கு மடக்கை இல்லை என்பதற்காக எல்லாவற்றோடும் 1 ஐக் கூட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். முனைப் புள்ளிகளில் 0 க்கும் 1 க்கும் உள்ள வித்தியாசம்தான் கோட்டையே சாய்க்கும். அந்த நீளங்களை விட்டுவிடுங்கள்.

வளையி அழகாக இருக்கிறது, மீதிகள் மட்டும் ஏற்றுக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிது

மீதிகளை வலை வாரியாக, நீள வாரியாக வரைந்து பாருங்கள். நேர்க்குறிகள் ஒரு மூலையிலும் மறைக்குறிகள் இன்னொரு மூலையிலும் கூட்டமாக இருந்தால் வடிவம் பிழை. மேலே போய்த் தேடுங்கள். பயறு விதைத்தது போலச் சிதறியிருந்தால் வடிவத்தில் பிழையில்லை, எண்ணிக்கைதான் பொங்கியிருக்கிறது. மாதிரி ஒவ்வொரு மீனும் தனித்தனியாக வந்து மாட்டுவதாக எண்ணுகிறது. கும்பிளா அப்படி வருவதில்லை, கூட்டமாக வரும். ஒரு கூட்டம் ஒரு துண்டில் முட்டினால் ஒரே நிமிடத்தில் நாற்பது மீன்.

விலகல் அளவையை (மாதிரி தரவிலிருந்து மொத்தமாக எவ்வளவு விலகுகிறது என்ற எண்) சுயாதீனப் படியால் (தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து மாதிரி கணித்த எண்களைக் கழித்தது) வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 96 ஐ 40 ஆல் வகுத்தால் 2.4, அதன் வர்க்கமூலம் 1.55. நியம வழுக்கள் எல்லாவற்றையும் 1.55 ஆல் பெருக்குங்கள். வளையி அசையாது, அதைச் சுற்றியுள்ள நம்பிக்கை இடைவெளி மட்டும் அகலமாகும். இன்னும் நேர்மையான வழி, இரவுகளை அலகாக எடுத்து மீளமீள மாதிரியெடுப்பது. பன்னிரண்டு இரவில் 900 மீன் என்றால் உங்களிடம் 900 சாட்சிகள் இல்லை, பன்னிரண்டு பேருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறார்கள்.

எல்லா வளையியும் ஒரே உயரத்தில் வருகின்றன. அது உண்மையா?

தெரியாது, தரவும் சொல்லாது. எல்லா வலையின் உச்சமும் சமம் என்பது நாம் போட்ட எடுகோள். பெரிய மீன் வேகமாகவும் தூரமாகவும் நீந்தும், வலையைச் சந்திக்கும் வாய்ப்பும் கூடும்; ஆகவே பெரிய கண்ணின் உச்சம் உயரமாக இருப்பதுதான் நியாயம் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு எடுகோளும் பிடிபாட்டை ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பொருத்திவிடும், கடலில் எத்தனை பெரிய மீன் இருந்தது என்ற கணிப்பு மட்டும் மாறும். சில வேளைகளில் அறிக்கைகளில் "இந்தக் கண் வலை கடலிலுள்ள 24 சென்ரிமீற்றர் மீனில் இத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத இந்த முறை இடம் கொடுக்காது. உச்சத்தை ஒன்று என்று வைத்தால் மற்றது எத்தனை பங்கு என்று மட்டும் எழுதலாம்.

ஒரே ஒரு வலைதான் இருக்கிறது

அதன் நீளப் பரம்பலில் ஒரு மணியைப் பொருத்திவிட்டு இதுதான் தெரிவு வளையி என்று கொண்டுவருவார்கள். அது வலையும் கடலும் பெருக்கி வந்த விடை. 22 சென்ரிமீற்றர் மீன் அதிகம் விழுந்தது கண்ணாலா, அந்த மாதம் அந்த மீன்தான் இருந்ததாலா என்று அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. மேலே சொன்ன நூலால் சுற்றளவு எடுத்து உச்சத்தைத் தோராயமாகக் கணிக்கலாம். அகலத்தை இந்த எளிய அளவால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. பக்கத்து வாடிக்காரரிடம் கால் மடங்கு பெரிய கண் வலையில் இரண்டு துண்டு இரவல் கேளுங்கள். அதே கயிற்றில், உங்கள் துண்டுகளுக்கு இடையிடையே கட்டி, ஒரே இரவில் இறக்குங்கள். நிலவு காலம் முடியும் வரை பொறுத்திருங்கள்; வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுவிடும். தூக்கும்போது அவருடைய துண்டில் விழுந்த மீனை, அளந்த பிறகு, அவருக்கே கொடுத்துவிட்டால் அடுத்த முறையும் தருவார்.